கழிப்பறையில் கிடைத்த புத்தகமும் 343 நாள் காத்திருப்பும்

அல்புகர்க்கி நகரத்தில் ஒரு வீடு. பின்புறம் நீச்சல் குளத்தை ஒட்டிக் குடும்பமே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. ஹேங்க் ஷ்ரேடர் எழுந்து கழிப்பறைக்குப் போகிறார். உட்கார்ந்த இடத்தில் படிக்க ஏதாவது அகப்படுமா என்று கைக்கெட்டியதைப் புரட்டுகிறார். ஒரு கவிதைத் தொகுப்பு வருகிறது. உள்ளே பேனாவால் எழுதிய அன்பளிப்பு வரிகள். பெற்றவர் 'டபிள்யூ.டபிள்யூ.', கொடுத்தவர் 'ஜி.பி.' அந்தக் கையெழுத்தை ஹேங்க் முன்பே பார்த்திருக்கிறார், கொலையுண்ட ஒருவனின் நோட்டுப் புத்தகத்தில். போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான தான் மாதக்கணக்காகத் தேடும், போதைப்பொருள் காய்ச்சும் ஆள், வெளியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் தன் சகலை வால்டர் ஒயிட்தான் என்பது அவர் முகத்தில் மெல்ல ஏறுகிறது. திரை கறுக்கிறது.

'பிரேக்கிங் பேட்' தொடரில் இந்தக் காட்சி ஒளிபரப்பானது 2012 செப்டம்பர் 2. மீதமிருந்த எட்டு எபிசோடுகள் தொடங்கியது 2013 ஆகஸ்ட் 11. இடையில் 343 நாள். கையில் புத்தகத்தோடு ஹேங்க் அத்தனை நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தொடரைப் பார்த்தவர்களும் ஒரு விதத்தில் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

குற்றத் தொடரின் கடைசி எபிசோடுகளுக்காகக் காத்திருப்பது தனி ரகம் என்று எனக்குப் படுகிறது. குடும்பத் தொடரோ காதல் தொடரோ முடியும்போது பிரிவின் வருத்தம்தான் பெரிது. பழகிய முகங்களை இனிப் பார்க்க முடியாதே என்ற ஏக்கம். குற்றத் தொடர் முடியும்போது கூடவே ஒரு கணக்கு பாக்கி நிற்கிறது. யார் செத்தார்கள், யார் கொன்றார்கள், யார் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றையும் பார்ப்பவர் தன் மனப் பேரேட்டில் வருடக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். கடைசி எபிசோடு அந்தப் பேரேட்டை மூடும் நாள். அதில் பார்ப்பவரின் பெயரிலும் ஒரு பற்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். (சில தொடர்களின் முடிவுகள் இந்தக் கட்டுரையில் வெளிப்படும். இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

'பிரேக்கிங் பேட்' ரசிகர்களின் பேரேட்டில் என்னவெல்லாம் பாக்கி இருந்தது? ஐந்தாம் சீசன் தொடங்கியதே எதிர்காலத்திலிருந்துதான். வால்டர் ஒயிட்டுக்கு 52-ஆவது பிறந்தநாள். முகத்தில் தாடி, மொட்டையாக இருந்த தலையில் முடி, நியூ ஹாம்ப்ஷயர் நம்பர் பிளேட் போட்ட கார், பொய்ப் பெயரில் அடையாள அட்டை. ஒரு சாலையோர உணவகத்தில் தனியாக உட்கார்ந்து, தட்டிலிருக்கும் பன்றியிறைச்சித் துண்டுகளை உடைத்து 52 என்ற எண்ணாக அடுக்குகிறார். வெளியே வந்து இன்னொரு காரின் டிக்கியைத் திறந்தால் உள்ளே ஓர் எம்60 இயந்திரத் துப்பாக்கி.

யாரைச் சுட? அந்தக் காட்சியை எழுதியபோது தொடரின் படைப்பாளி வின்ஸ் கில்லிகனுக்கும் அவருடைய எழுத்தாளர் குழுவுக்குமே விடை தெரியாது. இதைப் பிற்பாடு கில்லிகனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு அதற்கு ஒரு வேலை கண்டுபிடிக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எழுதியவர்களும் பார்த்தவர்களும் ஒரே புதிரின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அந்தத் தொடர்மேல் மதிப்பு கூடுகிறது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பொய்ப் பெயர் லாம்பர்ட் என்பதைக் கவனித்தார்கள். அது மனைவி ஸ்கைலரின் பிறந்த வீட்டுப் பெயர். வால்டர் தன்னால் செத்தவர்களின் பழக்கங்களைத் தனதாக்கிக்கொள்கிறார் என்று முன்பே சிலர் கண்டுபிடித்திருந்தார்கள். முதல் சீசனில் அவர் கொன்ற கிரேஸி எய்ட் ரொட்டியின் ஓரத்தை ஒதுக்குபவன். பிறகு வால்டரும் ஓரத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடுகிறார். பின்னர் அவர் கொன்ற போதைப்பொருள் முதலாளி கஸ் ஃப்ரிங் துண்டை மடித்துப் போட்டு முழங்காலிட்டு வாந்தி எடுப்பார். வால்டரும் பிறகு அப்படியே செய்கிறார். பிறந்தநாளுக்கு இறைச்சித் துண்டுகளை எண்ணாக அடுக்கும் வழக்கம் யாருடையது? ஸ்கைலருடையது. அப்படியானால் ஸ்கைலர் சாகப்போகிறாரா?

சாகவில்லை. ஊகம் தவறு. ஆனாலும் அந்த ஊகத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பெயர், தட்டு, பழக்கம் என்று மூன்று தடயங்களை வெவ்வேறு சீசன்களிலிருந்து எடுத்துக் கோத்து ஒரு முடிவுக்கு வருவதற்குத் தேர்ந்த வாசிப்பு வேண்டும். அந்த வாசிப்பைக் கற்றுக்கொடுத்ததே தொடர்தான். நான்காம் சீசனின் கடைசி ஷாட்டில் கேமரா வால்டர் வீட்டுப் பின்புறத்துக்கு நகர்ந்து, ஒரு தொட்டிச் செடியை நெருங்கி, அதில் செருகிய பெயர் அட்டையைக் காட்டி நிற்கும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஒரு சிறுவனுக்கு விஷம் வைத்தது யார் என்பது அந்த அட்டையில் இருக்கிறது. இப்படி ஒரு தடவை பழகிவிட்டால், பிறகு திரையில் எதுவுமே சும்மா வைத்ததாகத் தோன்றாது. காத்திருப்புக்கு முதலீடு அந்த நம்பிக்கைதான்: காட்டியவர் காரணமில்லாமல் காட்டமாட்டார், பாக்கி வைத்தவர் திருப்பித் தருவார்.

அந்த 343 நாளில் பெரும்பாலோர் எதிர்பார்த்தது ஒரு நீண்ட கண்ணாமூச்சி. ஹேங்குக்குத் தெரியும், ஹேங்குக்குத் தெரியும் என்பது வால்டருக்குத் தெரியாது. இதை வைத்தே ஏழு எபிசோடு ஓட்டிவிட்டு எட்டாவதில் இருவரும் நேருக்கு நேர் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நடந்ததோ வேறு. திரும்பி வந்த முதல் எபிசோடின் கடைசி நிமிடங்களிலேயே ஹேங்கின் கார் நிறுத்தும் கொட்டகையில் இருவரும் நிற்கிறார்கள். ஷட்டர் இறங்குகிறது, முகத்தில் ஒரு குத்து விழுகிறது, மூடி வைத்ததெல்லாம் வெளியே வருகிறது. ரசிகர்கள் வருடம் முழுக்கக் கட்டிய க்ளைமாக்ஸை எழுத்தாளர்கள் முதல் வாரமே செலவழித்துவிட்டார்கள். கடைசி எபிசோடுகளைச் சரியாகக் கையாளத் தெரிந்தவர்களின் அடையாளமாக நான் இதைத்தான் சொல்வேன். பார்ப்பவர் ஊகித்த இடத்துக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து அவர் ஊகிக்காத பாதையில் நடக்கத் தெரிய வேண்டும்.

காத்திருப்பு முழுக்கக் கலை சார்ந்ததும் இல்லை. அந்த இடைவெளி உருவானதில் பேரத்துக்கும் பங்குண்டு. 2011-இல் ஒளிபரப்பாளர் ஏஎம்சியும் தயாரிப்பாளர் சோனியும் செலவு விஷயத்தில் மோதிக்கொண்டபின், கடைசியாகப் பதினாறு எபிசோடுகள் என்று முடிவானது. அது இரண்டு வருடக் கோடைகளுக்கு எட்டெட்டாகப் பங்கு போடப்பட்டது. பிரித்துக் கொடுத்தால் ஒரே சீசன் இரண்டு தடவை பேசப்படும், விளம்பர இடமும் இரண்டு தடவை விற்கும். நடுவில் நெட்ஃபிளிக்ஸ் இருந்தது. கேள்விப்பட்டுப் புதிதாக வந்தவர்கள் முதல் எபிசோடிலிருந்து பார்த்து முடித்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் விளங்கும். ஹேங்க் புத்தகத்தைக் கண்டெடுத்த இரவு அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 27.8 லட்சம் பேர். அடுத்த எபிசோடு வந்த இரவு 59.2 லட்சம். 2013 செப்டம்பர் 29 அன்று, கடைசி எபிசோடை, 1.028 கோடிப் பேர். ஒரு எபிசோடுகூட ஒளிபரப்பாகாத இடைவெளியில்தான் பார்வையாளர் கூட்டம் இரண்டு மடங்கானது.

ஒரு தொடரை ஒழுங்காக முடித்து வைப்பது என்பதே தொலைக்காட்சியில் தாமதமாக வந்த பழக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் இரு பத்தாண்டுகளில் தொடர்கள் பெரும்பாலும் முடியவில்லை, நின்றுபோயின. போன வாரம் வந்தது, இந்த வாரம் இல்லை, அவ்வளவுதான். முடிவு தெரிந்துவிட்டால் மறு ஒளிபரப்பை யார் பார்ப்பார்கள் என்ற வியாபாரப் பயமும் அதில் இருந்தது. அதை மாற்றிக் காட்டியது ஒரு குற்றத் தொடர். 1963 செப்டம்பரில் தொடங்கிய 'தி ஃபியூஜிடிவ்'. மனைவியைக் கொன்றதாகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட மருத்துவர் ரிச்சர்ட் கிம்பிள். தண்டனை நிறைவேற்றக் கொண்டுபோகும் வழியில் ரயில் கவிழ, தப்பி ஓடுகிறார். உண்மையான கொலைகாரன் ஒற்றைக் கைக்காரன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அவனை இவர் தேட, இவரைப் போலீஸ் அதிகாரி ஜெரார்டு தேட, 120 எபிசோடுகள்.

வாரம் ஓர் ஊர், வாரம் ஒரு பொய்ப் பெயர் என்று நான்கு வருடம் ஓடிய அந்த மனிதனை அப்படியே விட்டுவிட முடியவில்லை. 1967-இன் வழக்கமான சீசன் முடிந்து, கோடைக்கால மறு ஒளிபரப்புகளும் ஓய்ந்தபின், ஆகஸ்ட் 22, 29 ஆகிய இரு செவ்வாய்க்கிழமைகளில் முடிவு வந்தது. இரண்டாம் பகுதியை அமெரிக்காவில் சுமார் 7.8 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிகளில் 72 சதவீதம் அதையே காட்டிக்கொண்டிருந்தன. 1980 வரை அந்தச் சாதனையை எந்தத் தொடரின் எபிசோடும் முறியடிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த முடிவில் பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. கிம்பிள் நிரபராதி என்பது முதல் வாரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த உண்மை ஊரறியச் சொல்லப்படுவதைப் பார்க்கத்தான் அத்தனை பேர் உட்கார்ந்தார்கள். 'அடுத்து என்ன' என்ற ஆவலைவிட 'எப்போது தீரும்' என்ற தவிப்பு எவ்வளவு வலியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

'யார் செய்தது' என்ற ஒற்றைக் கேள்வியின்மேல் மட்டும் கட்டப்பட்ட தொடர்களுக்கு ஆபத்து அதிகம். விடை வந்த நொடியில் தூண் விழுந்துவிடும். டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' 1990 ஏப்ரலில் வந்தபோது, லாரா பாமரைக் கொன்றது யார் என்று கேட்காத பத்திரிகை இல்லை. அந்த விடையைச் சீக்கிரம் சொல்ல அவர்களுக்கு, குறிப்பாக லிஞ்சுக்கு, விருப்பமே இல்லை. சேனல் நெருக்க, அந்த வருட நவம்பரில் சொன்னார்கள். பிறகு பார்வையாளர்கள் கரைந்தார்கள். 1991 ஜூன் 10-ஆம் தேதி தொடர் முடிந்துபோனது. பொன்முட்டையிட்ட வாத்தைக் கொன்றுவிட்டோம் என்று லிஞ்ச் பின்னாளில் வருந்தினார். பிரிட்டனின் 'பிராட்சர்ச்' 2013-இல் இதற்கு ஓர் எளிய வழி கண்டது: எட்டே எபிசோடு, எட்டாவதில் விடை, அதுவரை நடிகர்களில் பலருக்கே கொலைகாரன் யாரென்று சொல்லவில்லை. குறுகிய கயிற்றில் முடிச்சு இறுக்கமாக நிற்கும்.

நீண்ட கயிற்றில் முடிச்சுப் போட்டவர்கள் 'லைன் ஆஃப் டியூட்டி' குழுவினர். போலீஸுக்குள் இருக்கும் ஊழல் போலீஸைப் பிடிக்கும் ஏசி-12 பிரிவின் கதை. 2012-இல் தொடங்கி 2021 வரை ஆறு சீசன். காவல்துறையின் மேல்மட்டத்தில் குற்றக் கும்பலுக்கு வேலை செய்யும் 'எச்' யார் என்பது வருடக்கணக்கில் நீண்டது. மூன்றாம் சீசனில் சாகும் தறுவாயிலிருந்த ஒருவர் கொடுத்த வாக்குமூலக் காணொளியை ஐந்தாம் சீசனில் மறுபடி போட்டுப் பார்க்கிறார்கள். அவர் விரல் நான்கு முறை தட்டுகிறது. மோர்ஸ் குறியீட்டில் நான்கு புள்ளி என்றால் 'எச்'. அதாவது, 'எச்' ஒருவர் இல்லை, நான்கு பேர். மூவர் தெரிந்தவர்கள். நான்காவது ஆள்? ஆறாம் சீசனில் இன்னொரு தடயம்: அந்த ஆள் ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லை எப்போதும் எழுத்துப் பிழையோடு எழுதுகிறார். உடனே ரசிகர்கள் பழைய எபிசோடுகளில் வந்த கடிதங்களையும் கணினித் திரைகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பிழை தேடினார்கள். 2021 மே 2 ஞாயிறு இரவு அந்தச் சீசனின் கடைசி எபிசோடைப் பிரிட்டனில் சுமார் 1.28 கோடிப் பேர் பார்த்தார்கள்.

நான்காவது ஆள் இயன் பக்கெல்ஸ். முதல் சீசனிலிருந்தே வந்துபோகும், வேலையில் சோப்ளாங்கியான அதிகாரி. யாரும் பயப்படாத முகம். ஏமாற்றம் பெரிதாக இருந்தது. எழுதியவர் ஜெட் மெர்க்யூரியோ சொல்ல வந்தது எனக்கு விளங்குகிறது: ஊழலுக்கு ஒரு மகா அரக்கன் தேவையில்லை, கையாலாகாதவர்களைப் பதவி உயர்த்திக்கொண்டே போகும் அமைப்பு போதும். உண்மைதான். கசப்பான, தேவையான உண்மை. ஆனாலும் குறை ரசிகர்களிடம் இல்லை. அடுத்த முகமூடிக்குப் பின்னால் இன்னும் பெரிய முகம் இருக்கும் என்று ஒன்பது வருடம் பழக்கியது தொடர்தானே. முகத்தைத் தேடப் பழக்கிவிட்டுக் கடைசி நாளில் 'முகமே கிடையாது' என்று சொன்னால், சொன்ன விஷயம் சரியாக இருந்தும் கணக்கு நேராகவில்லை. நோட்டில் ஒரு கடன், திரும்பி வந்தது வேறு நாணயத்தில்.

'தி சோப்ரானோஸ்' செய்தது இதைவிடத் துணிச்சல். நியூ ஜெர்சி மாஃபியா தலைவர் டோனி சோப்ரானோவுக்கு என்ன ஆகும்? சாவா, சிறையா, தப்பிப்பா? 1999-இலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. 2007 ஜூன் 10 அன்று கடைசி எபிசோடு. ('ட்வின் பீக்ஸ்' முடிந்த அதே தேதி, பதினாறு வருடம் கழித்து.) டோனி ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி வருகிறார், மகன் வருகிறான், மகள் வெளியே காரை நிறுத்தத் திணறுகிறாள். ஒரு முன்பின் தெரியாத ஆள் கழிப்பறைப் பக்கம் போகிறான். கதவு திறக்கும் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டோனி நிமிர்ந்து பார்க்கிறார். மறுபடி மணி. டோனி நிமிர்கிறார். பாட்டு பாதியில் அறுந்து திரை முழுக்கக் கறுப்பு. சுமார் பத்து விநாடி ஒலி கிடையாது, எழுத்து கிடையாது. கேபிள் போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

முதலில் கோபம். பிறகு வேலை தொடங்கியது. அதே கடைசிச் சீசனில் ஒரு படகில் டோனியும் அவர் கும்பலைச் சேர்ந்த பாபியும் சாவைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இடத்தை யாரோ நினைவுபடுத்தினார்கள்: அது நிகழும்போது நம் காதில்கூட விழாது போல என்கிறார் பாபி. கடைசிக்கு முந்தைய எபிசோடில் அந்த நினைவு மறுபடி வந்துபோகிறது. அப்படியானால் அந்தக் கறுப்பு, டோனி கேட்காமல் போன சத்தமா? படைப்பாளி டேவிட் சேஸ் பல வருடம் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அன்று நான் அந்த ஊரில் இருந்து பார்த்திருந்தால் கோபப்பட்டவர்களோடுதான் சேர்ந்திருப்பேன். இப்போது பார்க்கும்போது அந்தக் கறுப்பு நேர்மையானதாகத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்காரும் தண்டனையை டோனிக்குக் கொடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு கணத்தில் நம்மையும் அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சில காத்திருப்புகள் வேறு விதம். 'பிரேக்கிங் பேட்' கதைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் 'பெட்டர் கால் சால்' தொடரின் நாயகன் பின்னாளில் என்ன ஆவார் என்பது 'பிரேக்கிங் பேட்' பார்த்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: 'பிரேக்கிங் பேட்' தொடரில் எங்குமே வராத, நாயகனின் துணைவி கிம் வெக்ஸ்லருக்கு என்ன ஆனது? ஒரு பெண் இல்லாமல் போன காரணத்தைத் தெரிந்துகொள்ள 2022 ஆகஸ்ட் 15 வரை ஏழு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டனின் 'ஹேப்பி வேலி' எனக்கு மிகவும் நெருக்கமானது. யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் போலீஸ் சார்ஜென்ட் கேதரின் கவுட். தன் மகளின் சாவுக்குக் காரணமான டாமி லீ ராய்ஸ். மகள் விட்டுப்போன குழந்தை ரயன், ராய்ஸின் ரத்தம். 2014-இல் முதல் சீசன், 2016-இல் இரண்டாவது. பிறகு ஏழு வருடம் எதுவும் கிடையாது. எழுதிய சாலி வெயின்ரைட் அந்தப் பையன் வளரட்டும் என்று காத்திருந்தார். தகப்பன் யார் என்பதைத் தானே தீர்மானிக்கும் வயது ரயனுக்கு வந்தால்தான் கதை முடிய முடியும். அதே நடிகர் ரைஸ் கோனா, நிஜமாகவே வளர்ந்து வந்து நின்றார். 2023 பிப்ரவரி 5 இரவு கடைசி எபிசோடு. துரத்தல், வெடிகுண்டு என்று ஊகித்தவர்கள் உண்டு. கிடைத்தது ஒரு சமையலறை மேசை. இந்தப் பக்கம் கேதரின், அந்தப் பக்கம் காயத்தோடு ராய்ஸ். இருவரும் பேசுகிறார்கள். பேசியே ஒன்பது வருடக் கணக்கு நேரானது. எழுதுபவரும் காத்திருந்தால் காத்திருப்பு எவ்வளவு கனிகிறது என்பதற்கு அந்த மேசை சாட்சி.

இத்தனை ஆவலோடு இருப்பவர்களிடம் யாராவது முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால்? ஸ்பாய்லர் பயம் கடைசி வாரங்களில் உச்சத்துக்குப் போகும். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவைச் சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தபோது படித்தவர்களின் ரசனை குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில இதற்கு எதிராகவும் சொல்லியிருக்கின்றன. அந்த ஆய்வு சரியாகவே இருந்தாலும் தொடருக்கு அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். சிறுகதையில் இருபது நிமிட முதலீடு. இங்கே ஐந்து வருடம். ஸ்பாய்லர் களவாடுவது முடிவை இல்லை. தான் எழுதி வைத்த பேரேட்டைத் தன் கையால் மூடும் உரிமையை. அதனால்தான் எபிசோடு முடிந்த மறுநாள் காலை முடிவைப் பொதுவில் கொட்டுபவர்கள்மேல் அவ்வளவு கோபம் வருகிறது.

இப்போது பார்ப்பவரின் பெயரில் இருக்கும் பற்றுக்கு வருகிறேன். வால்டர் ஒயிட் புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர். குடும்பத்துக்குப் பணம் சேர்த்து வைக்கத்தான் போதைப்பொருள் காய்ச்ச இறங்கினார். அப்படித்தான் அவர் சொன்னார், அப்படித்தான் பார்த்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள். அவர் கொலை செய்தபோதும், குழந்தைக்கு விஷம் வைத்தபோதும், 'குடும்பத்துக்காக' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடியது. அவரைத் தடுத்துக் கேள்வி கேட்ட ஸ்கைலர்மேல் பொங்கி வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. நடித்த அன்னா கன் மேலேயே அது பாய்ந்தது. கடைசி எட்டு எபிசோடுகள் ஓடிக்கொண்டிருந்த 2013 ஆகஸ்டில், நியூயார்க் டைம்ஸில் அவர் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. புருஷனுக்கு அடங்காத பெண் என்ற ஒரே காரணத்துக்காக எவ்வளவு வன்மம் என்று கேட்டார்.

செப்டம்பர் 15 அன்று வந்த எபிசோடில் வால்டர் ஸ்கைலருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். போலீஸ் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அது வால்டருக்கும் தெரியும். நச்சரித்தாய், புலம்பினாய், நான் கட்டியதை மதிக்கத் தெரியாதவள் என்று திட்டித் தீர்க்கிறார். ஸ்கைலரைத் திட்டி வந்தவர்கள் வருடக்கணக்காக எழுதிய அதே சொற்கள். குரலில் நஞ்சு, முகத்தில் கண்ணீர். அவளுக்கு எதிலும் பங்கில்லை என்று போலீஸை நம்ப வைக்க ஆடும் நாடகம் அது. திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவர்களுக்கோ தங்கள் குரலே திரும்பி வந்தது. நானும் ஸ்கைலர்மேல் எரிச்சல் பட்டவன்தான். அந்தத் தொலைபேசிக் காட்சிக்குப் பிறகு அந்த எரிச்சலை வைத்துக்கொள்ள எனக்குக் கூசியது.

கடைசி எபிசோடில் வால்டர் ஸ்கைலரைப் பார்க்க வருகிறார். சின்ன வாடகை வீடு, மங்கிய சமையலறை. வீட்டைச் சுற்றிப் போலீஸ் காவல் இருந்தும் எப்படியோ உள்ளே வந்து நிற்கிறார். செய்ததெல்லாம் எதற்காக என்று அவர் தொடங்கும்போதே ஸ்கைலர் குறுக்கிடுகிறார்: இன்னொரு தடவை குடும்பத்துக்காக என்று மட்டும் சொல்லாதே. வால்டர் சொல்வது வேறு. எனக்காகத்தான் செய்தேன். பிடித்திருந்தது. அதில் நான் கெட்டிக்காரனாக இருந்தேன். எம்60 யாரைச் சுட்டது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. எனக்கு அந்த இரவில் தீர்ந்த கணக்கு இந்த மூன்று வாக்கியங்கள்தான்.

கடைசி எபிசோடு முடிந்ததும் முதல் எபிசோடைப் போட்டுப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். 2008 ஜனவரி 20 அன்று வந்தது அது. பாலைவனத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நிற்கும் ஒரு வண்டி. உள்ளாடையோடு இறங்கும் ஒரு நடுவயது ஆள். தூரத்தில் சைரன் சத்தம். கையில் ஒரு சின்ன வீடியோ கேமரா. மனைவிக்கும் மகனுக்கும் கடைசியாக ஒரு சேதி சொல்ல அதைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்கிறார். வெளியே எப்படித் தெரிந்தாலும் சரி, என் மனதில் இருந்தது நீங்கள் மட்டும்தான் என்கிறார் அந்தக் கேமராவிடம்.